பீர் பொங்காத விஷயமாக நைனா எழுதுவது

என் கோமதிக்கு,

சனிக்கிழமை போனில் நான் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு தடவை உன் அம்மாவைக் கூப்பிட்டு, "நைனா இன்னா பண்றாரு, சாப்ட்டாரா, யார்கிட்டயாவது கத்தினாரா" என்று விசாரித்தாயாம். சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன், அன்றைக்கு வஞ்சிரம். யாரிடமும் கத்தவில்லை. போனில் பேச எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். முப்பது வருடம் மெஷின் சத்தத்துக்கு நடுவில் நின்றவனுக்கு உரக்கக் கத்த வரும், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டிருக்க வரும், நடுவில் ஒன்றும் வராது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுதி முடித்ததும் உன் அம்மா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அனுப்புவதற்கு முன் அவளும் படிப்பாள். படிக்கட்டும். அவளுக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

நீ சொன்னது இதுதான்: "நைனா, ஒன்னு சொல்வேன், பேஜாரு பண்ணக் கூடாது. வூட்லயே பீரு போட்டுக்கினு கீறேன். கல்யாணத்துக்கு அங்க கெளம்பறதுக்குள்ள ஆபீஸ்ல எல்லாருக்கும் என் கையால செஞ்சத குடுக்கணும்னு. ஒரு பக்கெட்டு நெறய போட்டு அஞ்சி நாளாச்சி, அசைய மாட்டேங்குது. வூடு அவ்ளோ ஜில்லு. நம்ம ஐஸ் கம்பெனி வூடு மாதிரியே கீது நைனா." சொல்லிவிட்டுச் சிரித்தாய். நான் ஒன்றும் பேசாததால் பாதியில் நிறுத்திவிட்டாய். அந்தச் சிரிப்பு நின்றது எனக்குக் கேட்டது. அதைத்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ பீர் செய்கிறாய் என்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அங்கே ஜெர்மனியில் அவரவர் வீட்டுக்குச் செய்துகொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றாய், சரி. ஆனால் ஐஸ் கம்பெனி வீடு என்று சொன்னாயே, அதில்தான் நான் நின்றுவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நீ கட்டிக்கொள்ளப்போகும் பிரபுவிடமும் காட்டுவாய். அவர் பெரம்பூரில் வெயிலில் வளர்ந்த பிள்ளை, அவருக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். மாப்பிள்ளை, காசிமேட்டில் நாங்கள் குடியிருந்தது ஐஸ் கம்பெனி காம்பவுண்டுக்குள்ளேயே, ஆபரேட்டருக்கென்று கொடுத்திருந்த வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. சமையல்கட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஐஸ் பார்களை அடுக்கி வைக்கும் அறை. குளிர் வெளியே வராமலிருக்கச் சுவருக்குள் வைத்திருந்த தக்கை எந்தக் காலத்திலோ இற்றுப்போயிருந்தது. முதலாளி அதை மாற்றவில்லை. ஆகவே உள்ளே இருந்த குளிரில் பாதி எங்கள் வீட்டுக்கு வந்தது. மே மாதத்தில் காசிமேடு முழுக்கக் கருவாடாகக் காயும்போது எங்கள் வீட்டில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குவோம். கோடை வந்தால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் எங்கள் மேல் பாசம் பொங்கும். கோமதியின் பெரியம்மா மூன்று மணிக்கு வந்து அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் விளக்கு வைத்த பிறகுதான் எழுந்திருப்பாள். மழைக்காலத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரமாகவே கொடியில் தொங்கும். தீக்குச்சியை நாலு தடவை உரசினால்தான் பற்றும். காலையில் மீன் வியாபாரத்தை முடித்துக்கொண்டு வரும் என் மனைவி, முந்தின நாள் அரைத்து வைத்த மாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்த வூட்ல பொணத்த வச்சாகூட பத்து நாளு அப்டியே இருக்கும், இதுல மாவு எங்கேர்ந்து பொங்கும்" என்பாள். பிறகு குண்டானைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவில் யார் வீட்டு அடுப்போரத்திலாவது வைத்துவிட்டு வருவாள்.

அந்த வீட்டில்தான் நீ பிளஸ் ஒன் படித்தாய் கோமதி. பள்ளிக்கூடத்தில் கண்காட்சி என்றார்கள். உங்கள் பயாலஜி டீச்சர் ஈஸ்ட்டைப் பற்றி நடத்தியதிலிருந்து உனக்கு வேறு பேச்சே இல்லை. இஞ்சி, வெல்லம், எலுமிச்சம்பழம், பேக்கரியில் கெஞ்சி வாங்கி வந்த ஈஸ்ட் ஒரு பொட்டலம், இவ்வளவையும் பத்து லிட்டர் தண்ணீர் கேனில் போட்டுக் கலக்கி வாயில் துணியைக் கட்டினாய். "இஞ்சி பீரு நைனா. பேருதான் பீரு. போதை கீதை ஒன்னும் கெடையாது, சோடா மாதிரி" என்றாய். கேனைச் சமையல்கட்டில் அந்தச் சுவரோரமாகத்தான் வைத்தாய், வேறு இடம் எங்கே இருந்தது? ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். ஒரு குமிழ் கூட வரவில்லை. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கழற்றாமலே போய்க் கேனில் காதை வைத்துப் பார்ப்பாய். அப்புறம் என்னிடம் வந்து, "நைனா, ஒன் தெர்மாமீட்டர குடு" என்றாய். சுவரோரம், வாசல், அலமாரி மேலே என்று வீடு முழுக்க அளந்து நோட்டில் எழுதினாய். சுவரோரம் பதினைந்து டிகிரி. "இது சாவல நைனா, தூங்கினு கீது. ஜில்லுல தூங்குது" என்று நீ சொன்னது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் அந்தச் சுவரோடு அத்தனை வருடம் இருந்தும் அதை ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் கம்ப்ரஸர் ரூமுக்குள் போனால் மோட்டாருக்குப் பின்பக்க மூலையில் உன் கேன் உட்கார்ந்திருக்கிறது, என் பழைய காக்கி பேன்ட்டைச் சுற்றிக்கொண்டு. கம்பெனி முழுவதிலும் கதகதப்பான இடம் அது ஒன்றுதான் என்று நீயே அளந்து கண்டுபிடித்திருந்தாய். நான் பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிட்டேன். வெளி ஆள் சாமான் அங்கே வைக்கக் கூடாது, எனக்குத் தெரியும். ஆனாலும் நானே பேன்ட்டை ஒழுங்காக இழுத்துவிட்டு, துணி நழுவாமல் கால் இரண்டையும் முடிச்சுப் போட்டேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. இரண்டு நாளில் அது பொங்கிவிட்டது. அம்மோனியா வாசனையையும் மீறி இஞ்சி வாசனை தூக்கியது. நீ துணியில் வடிகட்டி ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தாய். குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டேன். "நல்லா கீதும்மா, மூக்குல சுர்ருன்னு ஏறுது" என்றேன். உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே அப்போது.

அடுத்த நாள் சனிக்கிழமை. மோட்டாரைப் பார்க்க ஓர் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு முதலாளி வந்தார். உள்ளே காலை வைத்ததும் மூக்கைச் சுளித்தார். கேனைக் கண்டுபிடித்து, காலால் தொட்டுப் பார்த்து, பத்துப் பேர் கேட்கும்படி, "இன்னாய்யா இது? என் கம்பெனில சாராய ஊறல் போட்டுக்கினு கீறியா? அப்பன் புத்தி ஒன்ன வுட்டு எங்க போவும்?" என்றார். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி, கிடைத்ததையெல்லாம் குடித்தே போனவர். நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. இருந்தாலும் ராயபுரத்தில் பாதிப் பேருக்கு நான் அவர் மகன்தான், வேறு பெயர் கிடையாது. அந்தப் பேச்சின் அவமானம் ஒரு பக்கம். வேலை போனால் வீடும் போகும் என்பது ஒரு பக்கம். பயம் என்றால் அப்படி ஒரு பயம். "எனக்கு ஒன்னும் தெரியாது மொதலாளி" என்றேன்.

அந்த நேரம் பார்த்து நீ சத்தம் கேட்டு ஓடி வந்தாய். "மொதலாளி, அது இஞ்சி. ஸ்கூலுக்காக செஞ்சது. பேருதான் பீரு" என்று மூச்சு வாங்கச் சொன்னாய். அவர் நம்பவில்லை. நீ என் பக்கம் திரும்பினாய். "நைனா, நீ சொல்லேன். நேத்து நீயே ரெண்டு டம்ளர் குடிச்சியே" என்றாய். ஐஸ் பார் இழுக்கிறவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். நான் உன்னை அடித்தேன். அடித்துவிட்டு, கேனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தேன். நுரை வாசல் கேட் வரைக்கும் போயிற்று. எல்லாம் முடிந்த பிறகு அந்த அதிகாரி குனிந்து மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அட, இஞ்சிதாங்க. ஒரு டம்ளர் வச்சிருக்கக் கூடாதா?" முதலாளியும் சிரித்துவிட்டார். அவ்வளவுதான். வேலையும் போகவில்லை, வீடும் போகவில்லை. போனது உன் கேன் ஒன்றுதான்.

கோமதி, அடித்ததற்கு அன்று மாலையே நான் வருத்தப்பட்டேன். உனக்கு இரண்டு பரோட்டா வாங்கி வந்து வைத்தேன், அதுதான் எனக்குத் தெரிந்த மன்னிப்பு. ஆனால் அடித்தது பெரிய தப்பு இல்லை என்று பின்னால் புரிந்தது. தெரியாது என்று சொன்னதுதான் பெரிய தப்பு. "என் பொண்ணு செஞ்சது மொதலாளி, நானும் குடிச்சேன், நல்லா கீது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஆளே ஒரு டம்ளர் கேட்டிருப்பார். நீ அழவில்லை. கேனை எடுத்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தாய். கண்காட்சிக்கு வெறும் சார்ட் பேப்பரை ஒட்டிக்கொண்டு போனாய். ஏன் செய்து கொண்டுவரவில்லை என்று டீச்சர் கேட்டதற்கு, "எங்க வூடு ரொம்ப ஜில்லு டீச்சர், பொங்கவே இல்ல" என்று சொன்னாயாம். இது ரொம்ப நாள் கழித்து அந்த டீச்சர் மீன் வாங்க வந்தபோது உன் அம்மாவிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் உன்னை விட்டுக்கொடுத்தேன், நீ என்னை விட்டுக்கொடுக்கவில்லை. பதினாறு வயதில் உனக்குத் தெரிந்தது எனக்கு நாற்பத்தைந்தில் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் நாம் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பேசுகிறேன். என்னை மன்னித்துவிடு. "ஐஸ் கம்பெனி வூடு மாதிரியே கீது" என்று நீ சிரித்தபோது எனக்கு இதெல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றது. அதனால்தான் வாய் வரவில்லை.

இன்னொரு தப்பும் இருக்கிறது. அது சிரிக்கிற மாதிரியான தப்பு, ஆனால் அதே பயத்தில் முளைத்ததுதான். நீ ஜெர்மனியில் படித்து முடித்து அங்கேயே வேலை கிடைத்தது என்று சொன்ன நாளில் உன் அம்மா தெரு முழுக்க மைசூர்பாக் கொடுத்தாள். டீக்கடையில் கேட்டார்கள், "பொண்ணு எந்தக் கம்பெனில கீது நைனா?" பீர் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஈஸ்ட் பார்க்கிற வேலை என்று நீ சொல்லியிருந்தாய். ஈஸ்ட் ரொட்டியிலும் இருக்கிறது. "ரொட்டி கம்பெனி" என்றுவிட்டேன். பாதி உண்மை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அது காசிமேட்டில் தொடங்கித் திருவொற்றியூர் வரைக்கும் போய், பெரம்பூர் வரைக்கும் போய், உன் மாமியார் காதிலும் விழுந்துவிட்டது. ஜெர்மனியில் ரொட்டி செய்கிற மருமகள் என்று அந்த அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்திகள் இரண்டு பேரும் பத்திரிகை அடிக்கிற விஷயமாக வந்தார்கள். உன் அம்மா இறால் தொக்கும் வறுத்த சங்கரா மீனுமாக அமர்க்களப்படுத்திவிட்டாள். சம்பந்தி ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆன மனுஷர், பேசுவது குறைவு, மீனுக்கு முள்ளெடுப்பதையே ஒரு வேலை மாதிரி ஒழுங்காகச் செய்வார். பேசுவதெல்லாம் அந்த அம்மாதான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கைப்பையிலிருந்து மாதிரிப் பத்திரிகையை எடுத்தார்.

"சம்மந்தி, பொண்ணு பேருக்குக் கீழ படிப்பு போட்டாச்சி. பிரபுக்கு கம்பெனி பேரு போட்டுக்கீது. பொண்ணுக்கும் போட்டாத்தான நல்லா இருக்கும்? அந்த ரொட்டி கம்பெனி பேரு இன்னா, சொல்லுங்க. நானு பாருங்க, அதுக்காவவே ஒரு ஓவன் வாங்கி வச்சிக்கீறேன். வந்ததும் ஒரு ரொட்டி செஞ்சி குடுக்க சொல்லணும்."

உன் அம்மா கையில் கரண்டியோடு என்னைப் பார்த்தாள். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. அந்தப் பெயர் ஜெர்மன் பெயர், வாயில் நுழையாது, பெரம்பூரில் யாருக்குத் தெரியப் போகிறது? பத்திரிகையில் பெயரை மட்டும் அடித்துவிட்டால் ரொட்டி ரொட்டியாகவே இருந்துவிடும். ஆனால் முந்தின நாள்தான் நீ சிரித்து நிறுத்தியிருந்தாய். பேப்பரில் அச்சடித்து அறுநூறு பேருக்குக் கொடுக்கிற பொய்யாக இதை ஆக்க எனக்கு மனசு வரவில்லை.

"அது ரொட்டி கம்பெனி இல்ல சம்மந்தியம்மா. பீரு கம்பெனி" என்றேன்.

"இன்னா கம்பெனி?"

"பீரு. கோமதிதான் அங்க ஈஸ்ட்ட பாத்துக்குது. நாந்தான் வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கினு ரொட்டின்னு சொல்லிட்டேன். பொய் என்னுது. பொண்ணு யார்கிட்டயும் பொய் சொல்லல."

அந்த அம்மா கை கழுவாமலே தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமாய்யா?"

சம்பந்தி முள்ளைத் தட்டோரத்தில் வைத்தார். "பிரபு போன வருசமே சொன்னான்."

"அப்போ நானு ஓவன் வாங்கறப்ப வாய தொறந்திருக்கலாம்ல?"

"நீ ஆசையா வாங்கினு கீறியேன்னு..."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆனால் அந்த அம்மா சிரிக்கவில்லை. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு நேராக வாசலுக்குப் போய் நின்றுவிட்டார். உன் அம்மா பின்னாலேயே போனாள். உள்ளே நாங்கள் இரண்டு ஆண்களும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "கோவம் வந்தா வாசலுக்குத்தான் போவும்" என்றார் சம்பந்தி. "திரும்பி வருமா?" என்றேன். "இது வரிக்கும் வந்துகீது" என்றார். பதினோரு வருடம் கழித்து மறுபடியும் உன்னுடையது ஒன்றை என் வாயால் நானே கவிழ்த்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

வாசலில் நடந்ததை உன் அம்மா பிறகு சொன்னாள். அந்த அம்மா முதலில் கேட்டது, "குடிச்சிட்டு கலாட்டா பண்ணுமா?" என்றுதான். அவர் கேட்டதிலும் தப்பில்லை, அவரும் வீட்டில் குடியை நிறையப் பார்த்தவர்போலத்தான் பேசினாராம். உன் அம்மா, "கோமதியா? ஒரு டம்ளர் மோரு குடிச்சாலே தூங்கிடும். அது செய்றதுல கீற குஷிக்கோசரம் செய்யுது" என்றாளாம். பிறகு, தைரியத்தைப் பார், அந்த இஞ்சிக் கேன் கதையை முழுக்கச் சொல்லியிருக்கிறாள். நான் அடித்தது, கவிழ்த்தது, நீ டீச்சரிடம் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. கால் மணி நேரம் கழித்து இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். அந்த அம்மா நின்றுகொண்டே என்னைக் கேட்டார்.

"பொண்ணு செஞ்சத சாக்கடைல ஊத்தினீங்களா?"

"ஊத்தினேன்" என்றேன்.

"நானு பீரு குடிக்க மாட்டேன் சம்மந்தி. என் வூட்ல ஒரு பாட்டிலும் வைக்க வுட மாட்டேன், அது வேற. ஆனா அது கையால செஞ்சத ஒரு நாளும் கீழ ஊத்த மாட்டேன். கம்பெனி பேர எழுதிக் குடுங்க. எழுத்து தப்பில்லாம எழுதுங்க."

எழுதிக் கொடுத்தேன். கம்பெனி பெயர் போட்டு நீ அனுப்பிய கவரைத் தேடியெடுத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதினேன். ஓவனை என்ன செய்வது என்று கேட்டதற்கு, "ரொட்டிய நானே கத்துக்கறேன், வாங்கினத இன்னா பண்றது" என்றார். நீ அந்த வீட்டுக்குப் போகிறாய் என்பதில் எனக்கு இருந்த கவலையெல்லாம் நேற்று மதியம் போய்விட்டது. உன் மாமியாரோடு உனக்குச் சண்டை வரும், வராமல் இருக்காது. இரண்டு பேருக்கும் பிடிவாதம். வந்தால் நீ வாசலுக்குப் போகாதே, அந்த இடத்தை அவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார். ஆனால் முகத்துக்கு நேராக ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று பேசுகிற மனுஷி இல்லை அவர். பிரபுவிடமும் நீ இப்படியே இரு. வெளியாள் நடுவில் அவரை விட்டுக்கொடுக்காதே. அவர் தப்பே செய்திருந்தாலும் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு நாலு மடங்காகக் கேள். மாப்பிள்ளை, இது உங்களுக்கும்தான். அடுத்தவர் முன்னால் "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டால், அதைச் சரிக்கட்ட எத்தனை வருடம் ஆகிறது என்று என்னைக் கேளுங்கள். நான் பரோட்டா வாங்கிக் கொடுத்துப் பார்த்துவிட்டேன், அதில் சரியாகாது.

சரி, பக்கெட்டுக்கு வருவோம். ஈஸ்ட் உன் டிபார்ட்மென்ட், அதில் நான் வாய் வைக்க மாட்டேன். குளிர் என் டிபார்ட்மென்ட். ஐஸ் கம்பெனியில் நாங்கள் குளிரைச் செய்வதாக எல்லோரும் நினைக்கிறார்கள். குளிரென்று ஒரு சாமான் கிடையாது. தண்ணீரில் இருக்கிற சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறோம், அவ்வளவுதான். உன் வீட்டிலும் அதுதான் நடக்கிறது. சூடு எங்கே ஓடுகிறது என்று பார். முதலில் பக்கெட்டைச் சுவரோரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வை. தரையில் நேராக வைக்காதே, தரை குடிக்கிற சூட்டுக்கு அளவே இல்லை. கீழே தடியாகத் தெர்மாகோல் போடு. நம் மீன் பெட்டியைப் பார்த்திருக்கிறாயே, ஐஸைக் கரையாமல் வைத்திருக்கிற அதே பெட்டி சுடுதண்ணீரை ஆறாமலும் வைத்திருக்கும், அதற்கு ஜில்லும் சூடும் ஒன்றுதான். பிறகு ஒரு பெரிய டப்பில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் பக்கெட்டை நிறுத்து. வெறும் காற்றைவிடத் தண்ணீர் மெதுவாகத்தான் ஆறும். காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சுடுதண்ணீர் சேர்த்தால் போதும். ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி மட்டும் வைக்காதே. நீ இருக்கும்போது சூடாகவும், வேலைக்குப் போனதும் ஜில்லென்றும் ஏறி இறங்கினால் எந்த உயிருக்கும் பேஜாருதான். ஒரு நாளைக்கு இரண்டு டிகிரி ஏற்று. பதினெட்டு, பத்தொன்பது வந்ததும் அப்படியே பிடித்து நிறுத்து. மேலே ஒரு போர்வையைச் சுற்று. ஒரு தெர்மாமீட்டரை டப்புக்குள்ளேயே போட்டு வை. நோட்டில் எழுது, நீ எழுதுவாய், அது நான் சொல்ல வேண்டியதில்லை. தூங்குகிறதுதானே? எழுந்துவிடும். அவசரப்பட்டுக் கொட்டிவிடாதே. கிளம்ப இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

இங்கே வரும்போது மட்டும் பக்கெட்டும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம். நம் ஊரில் வீட்டில் போட்டால் போலீஸ் வரும், கல்யாண வீட்டுக்கு அது தேவையா? திருவொற்றியூரில் இப்போது நாங்கள் இருக்கிற வீட்டில் மேற்கு வெயில் நேராக அடிக்கிறது. மாவு நாலே மணி நேரத்தில் பொங்கிக் குண்டானைத் தள்ளிக்கொண்டு வழிகிறது. உன் அம்மா ஐஸ் கம்பெனி வீட்டு ஆத்திரம் தீருகிற வரைக்கும் தோசை சுடுகிறாள். இன்று காலையில் டீக்கடைக்குப் போனேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். "மாமு, என் பொண்ணு ரொட்டி கம்பெனில இல்ல. பீரு கம்பெனில கீது. வூட்லயும் அதுவே செய்யுது." கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அத்த மொதல்லயே சொல்லக் கூடாதா, ரொட்டியப் பத்தி எனக்கு இன்னா தெரியும்னு இத்தினி நாளா ஒன்னும் கேக்காம கீறேன்" என்றான். பிறகு அரை மணி நேரம் கேள்வி மேல் கேள்வி. எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. நீ வந்ததும் அவனிடம் நேராகப் பேசிக்கொள்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். மூடியில் ஒரு சின்னக் குழாய் செருகியிருப்பதாகவும், உள்ளே வேலை நடந்தால் அதில் ப்ளக், ப்ளக் என்று சத்தம் வரும் என்றும் சொன்னாயே. அந்தச் சத்தம் வர ஆரம்பித்ததும் என்னைக் கூப்பிடு. அங்கே எத்தனை மணி, இங்கே எத்தனை மணி என்று பார்க்காதே. நீயும் ஒன்றும் பேச வேண்டாம், நானும் பேச மாட்டேன். போனைக் கொண்டுபோய் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நீ உன் வேலையைப் பார். நான் இங்கே காதில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் நைனா